கொட்டை இல்லாத திராட்சைக்கு வம்சம் ஏது?

இந்தப் பதிவை ஒரு திருத்தத்தோடு தொடங்க வேண்டியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டு கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, சந்தோஷத்தில் இங்கே ஒரு சின்னப் பதிவு எழுதினேன். "1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்து நட்ட பன்னீர் திராட்சை" என்று அதில் ஒரு வரி. எல்லாப் பத்திரிகையிலும் அப்படித்தான் வந்தது. நானும் அப்படியே எடுத்து எழுதினேன். பிரெஞ்சுப் பாதிரியார் என்றதும், காரைக்காலில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்தவனுக்குக் கொஞ்சம் பெருமை வேறு. 36 வருஷம் கோப்பு பார்த்தவன் தேதியைச் சரிபார்க்காமல் எழுதியது தப்புதான். அந்தத் தப்பு எப்படித் தெரியவந்தது என்று சொல்வதற்கு, ஒரு நண்பரின் தோட்டத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நண்பர் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். எனக்கு ஆறு வயது இளையவர். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் திராட்சைப் பந்தல், அப்பா காலத்தது. போன மாசியில் ஒருநாள் காலை போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, பந்தலைப் பிரிச்சிரலாம்னு இருக்கேன்."

"ஏன்ப்பா, என்னாச்சு?"

"வெட்டுற கூலியும் மருந்துக் காசும் கூடத் தேறலண்ணே. மகாராஷ்டிராக்காரன் பழம் இறங்கிருச்சு. அது கொட்டை இல்லாதது. யாரு உக்காந்து துப்பிக்கிட்டுத் திங்கிறான்னு பையன் கேக்குறான்."

இது ஒவ்வொரு வருஷமும் கேட்கிற கதை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நாசிக், சாங்கிலி, சோலாப்பூர்ப் பக்கமிருந்து விதையில்லாத் திராட்சை லாரி லாரியாக வரும். அது வந்ததும் நம்ம பன்னீர் விலை படுத்துவிடும். ஆனால் அப்பா வைத்த பந்தலைப் பிரிக்கிறேன் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுநாள் போடியிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

வெளியூர் வாசகர்களுக்காக இந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மேற்கே சுவர் மாதிரி மலை தெரியும். அந்தச் சுவர் தென்மேற்குப் பருவமழையைப் பிடித்து அந்தப் பக்கமே கொட்டவைத்துவிடுகிறது. அதனால் மேலே ஏலக்காய். இந்தப் பக்கம் மழை மறைவு. காற்று மட்டும் வரும். தண்ணீர் இருந்தால் போதும், ஈரக்காற்று பிடிக்காத பயிருக்கு இது நல்ல இடம். அந்தத் தண்ணீரை 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணை கம்பம் பள்ளத்தாக்குக்குக் கொடுத்தது. ஆக ஒரே மலைதான். மழையை வாங்கி ஏலத்துக்குக் கொடுக்கிறது, வெயிலைத் திராட்சைக்கு விடுகிறது. போடிக்காரர்கள் நாங்கள் ஏலக்காயை நம்பினோம். கம்பம், சுருளிப்பட்டி, கூடலூர், ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டிக்காரர்கள் திராட்சையை நம்பினார்கள்.

தமிழ்நாட்டுத் திராட்சைப் பரப்பில் 85 விழுக்காடு போலப் பன்னீர்தான் என்று சொல்கிறார்கள். காரணம் இருக்கிறது. குளிர் நாட்டில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும். வருஷத்துக்கு ஒரு அறுவடை. நம் வெயிலில் அதற்குத் தூக்கமே கிடையாது. எப்போது கவாத்து செய்கிறோமோ அதுதான் அதற்கு வசந்தகாலம். வெட்டினால் துளிர்க்கும், துளிர்த்தால் பூக்கும், நான்கு மாதத்தில் பழம். பன்னீர் இதற்கு நன்றாகப் பழகிக்கொண்டது. இரண்டு வருஷத்தில் ஐந்து அறுவடை எடுப்பவர்கள் உண்டு. விதையில்லாத தாம்சன் ரகம் அப்படி இல்லை. அதற்கு அடிக்கண்களில் காய் பிடிக்காது. நீளமாகக் குச்சி விட்டுத்தான் வெட்ட வேண்டும். வருஷத்தில் இரண்டு முறை வெட்டி ஒரு முறைதான் பலன் பார்க்கலாம். வேளாண் பல்கலைக்கழகத்தின் கையேடு போடும் கணக்கு, வருஷத்துக்கு எக்டேருக்குப் பன்னீர் 30 டன், விதையில்லாதது 15 டன். பூக்கும் நேரத்தில் மழை பிடித்தால் அடிச்சாம்பல் நோய் வந்து அந்த 15-ம் கேள்விக்குறி. அப்படியும் ஓடைப்பட்டிக்காரர்கள் விதையில்லாததைப் போட்டுப் பேர் வாங்கியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நண்பரின் மகன் அவர்களைப் பார்த்துத்தான் பேசினான்.

பந்தலுக்குள் குனிந்து நடந்து பார்த்துவிட்டு, ஒரு பை நிறையப் பழத்தோடு வீடு திரும்பினேன். அன்று ராத்திரி என் வீட்டுக்காரி பழத்தை உருவிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள்.

"கொட்டை இல்லாததுன்னா அதுக்கு வம்சம் ஏது? எதை வச்சு முளைக்க வைப்பாங்க?"

கேள்வி நியாயமானது. பதில் என்னவோ சுலபம்: திராட்சையை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. குச்சி வெட்டி நடுவதுதான். விதையுள்ள பன்னீருக்கும் அதே கதிதான். ஒரு வகையில் கம்பத்தில் இருக்கிற அத்தனை பன்னீர்க் கொடியும் ஒரே கொடி. பந்தலுக்குப் பந்தல், ஊருக்கு ஊர் குச்சி மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான்.

குச்சியின் ஆயுள் மனித ஆயுள் இல்லை. இங்கிலாந்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ல் நட்ட ஒரு திராட்சைக்கொடி இன்னும் காய்க்கிறது. கறுப்பு ஹாம்பர்க் என்று அதற்குப் பெயர். அதுவும் வேறொரு தோட்டத்திலிருந்து வெட்டி வந்த குச்சிதான். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

தாம்சன் கதையும் ஒரு குச்சிக் கதைதான். வில்லியம் தாம்சன் என்ற ஆங்கிலேயர் கலிஃபோர்னியாவில் யூபா சிட்டி பக்கம் குடியேறியவர். 1872-ல் நியூயார்க் மாநிலத்து நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து 'லேடி டி கவர்லி' என்ற பெயரில் சில குச்சிகளை வரவழைத்தார். ஆற்று வெள்ளத்தில் மற்றவை போய் ஒன்றுதான் பிழைத்தது என்று சொல்வார்கள். அதில் காய்த்ததுதான் தாம்சன் சீட்லெஸ். புதிய பழமா என்றால் இல்லை. துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் சுல்தானா என்றும் கிஷ்மிஷ் என்றும் பல நூறு வருஷமாக இருப்பதுதான். நம் பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சையில் பெரும்பகுதி அந்தக் குலம்.

இங்கே ஒரு சொந்த அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சில் 'ரெசேன்' என்றால் திராட்சை. அதே எழுத்துக்களை ஆங்கிலத்தில் 'ரெய்சின்' என்று படித்தால் உலர்ந்த திராட்சை. வேலையில் சேர்ந்த புதிதில், பயிர்ச்சேதக் குறிப்பு ஒன்றில் 'ரெய்சின் தோட்டங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி படித்துவிட்டு, "என்னய்யா, கொடியிலேயே காய்ஞ்சு தொங்குதா?" என்றார். அலுவலகமே சிரித்தது. காரைக்காலில் எங்கள் பிரெஞ்சு வாசகப் புத்தகத்தில் திராட்சை அறுவடை பற்றி ஒரு பாடம் உண்டு. கூடை சுமந்த பெண்கள், மாட்டு வண்டி, பாட்டு. படித்த நாங்கள் யாரும் திராட்சைக்கொடியைக் கண்ணால் பார்த்ததில்லை. அப்பா காலமானபின் 16 வயதில் அம்மாவின் ஊரான போடிக்கு வந்து, முதன்முதலாகக் கம்பம் ரோட்டில் பந்தலைப் பார்த்தபோது, "அட, பாடப் புத்தகம் இங்கே இருக்கிறதே" என்று தோன்றியது.

அந்தப் பாடத்தில் படித்த இன்னொரு சொல் 'பெப்பேன்'. திராட்சை, ஆப்பிள் போன்ற பழத்துக்குள் இருக்கும் சின்ன விதை. பேச்சுவழக்கில் அதற்கு 'சின்னச் சிக்கல்' என்றும் பொருள். ஏதாவது காரியம் தடங்கினால், ஒரு பெப்பேன் வந்துவிட்டது என்பார்கள். தின்கிறபோது பல்லில் படுகிறதே, அதனால் இருக்கலாம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

சரி, விதை ஏன் இல்லை? உண்மையில் தாம்சன் ரகத்தில் விதை உண்டாகாமல் இல்லை. பூ பூக்கிறது, மகரந்தம் சேர்கிறது, கரு உண்டாகிறது. சில வாரத்தில் அந்தக் கரு வளர்ச்சி நின்று கரைந்துபோகிறது. பழத்தை நகத்தால் பிளந்து பார்த்தால் எள்ளளவு வெள்ளையாக அதன் மிச்சம் தெரியும். விதைதான் பழத்தைப் பெருக்க வைக்கும் சத்தைச் சுரக்கிறது. அது இல்லாததால் பழம் சிறுத்துப்போகும். அதனால்தான் விதையில்லாத் திராட்சைக்குக் குலையை ஜிப்ரலிக் அமிலத்தில் முக்குகிறார்கள். அந்த மருந்தின் கதை நெல்லிலிருந்து வந்தது. நெல்பயிர் அளவுக்கு மீறி நெடுநெடுவென வளர்ந்து சாயும் ஒரு நோயை ஆராய்ந்த குரோசாவா என்ற ஜப்பானியர், ஒரு பூஞ்சை விடும் பொருள்தான் காரணம் என்று 1926-ல் காட்டினார். நெல்லுக்கு நோயாக வந்தது திராட்சைக்கு ஊட்டமாகிவிட்டது.

இப்போது புது ரகம் உண்டாக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நண்பர் கேட்டது இதைத்தான்: "பன்னீர் வாசனையும் வேணும், கொட்டையும் இருக்கக் கூடாது. அப்படி ஒண்ணு உண்டாக்க முடியாதாண்ணே?"

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். விதையில்லாத ரகம் தாயாக இருக்க முடியாது, கரு கரைந்துவிடுமே. ஆனால் அதன் மகரந்தம் நல்லது, தகப்பனாக இருக்கலாம். எனவே விதையுள்ள ஒரு ரகத்தைத் தாயாக எடுக்க வேண்டும். திராட்சைப் பூ கடுகு மாதிரி. இதழ்கள் மேலே ஒட்டிக்கொண்டு ஒரு தொப்பி போல இருக்கும். தொப்பி தானாக விழுவதற்கு முன்பே இடுக்கியால் அதை எடுத்து, உள்ளே உள்ள மகரந்தப் பைகளையும் எடுத்துவிட்டு, குலையைக் காகிதப் பையால் மூடி வைக்க வேண்டும். பிறகு தகப்பன் பூவின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். ஒரு குலையில் இப்படி நூற்றுக்கணக்கான பூ. பழுத்ததும் விதையை எடுத்து, குளிரில் வைத்து உறக்கம் கலைத்து முளைக்க வைத்து, மூன்று வருஷம் போல வளர்த்தால்தான் முதல் காய். அதில் கொஞ்சம்தான் விதையில்லாமல் காய்க்கும். அதிலும் புளிப்பு, சின்னப் பழம், தோல் வெடிப்பு, நோய் எல்லாம் கழித்துக் கடைசியில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம்.

பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டாவில் இருக்கிற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இந்த வேலையைச் செய்தது. பிளாக் சம்பா என்ற கறுப்பு ரகத்தைத் தாயாகவும் தாம்சனைத் தகப்பனாகவும் வைத்து ஆர்க்காவதி, ஆர்க்கா நீலமணி, ஆர்க்கா கிருஷ்ணா என்று மூன்று விதையில்லா ரகங்கள். அனாப்-இ-ஷாஹியோடு தாம்சனைச் சேர்த்து ஆர்க்கா ஸ்வேதா. டெல்லியில் பூசா நிறுவனம் ஹூர் என்ற ரகத்தோடு பியூட்டி சீட்லெஸ்ஸைச் சேர்த்து பூசா ஊர்வசி கொடுத்தது. எல்லாம் நல்ல ரகங்கள் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் நம் சந்தையைப் பிடித்தவை பெரும்பாலும் விவசாயிகள் கண்டெடுத்தவை. சில நேரம் ஒரு கொடியில் ஒரு கிளை மட்டும் தன் இஷ்டத்துக்கு மாறி, வேறு மாதிரி காய்க்கும். தினமும் பந்தலில் நிற்கிறவன் கண்ணுக்குத்தான் அது படும். சாங்கிலி மாவட்டம் தாஸ்கான் பக்கம் வசந்தராவ் ஆர்வே என்ற விவசாயி தாம்சன் கொடியில் கண்டெடுத்தது தாஸ்-ஏ-கணேஷ். சோலாப்பூர் பக்கம் நானாசாகேப் காளே கண்டெடுத்தவை நீளக்காய் சோனாக்காவும் கறுப்பு ஷரத் சீட்லெஸ்ஸும். நம் கடைகளில் கறுப்பாக, விதையில்லாமல் விற்கிறதே, அதில் பெரும்பாலும் அந்த ஷரத்தான். ஆர்வேயும் காளேயும் ஆய்வகத்துக்காரர்கள் இல்லை. தோட்டக்காரர்கள்.

அமெரிக்காவில் இன்னொரு வழி கண்டார்கள். 1980-களில் ஃப்ரெஸ்னோவில் ராமிங் என்பவரும் கூட்டாளியும், கரு கரையும் முன்பே அதைப் பழத்திலிருந்து எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊட்டம் கொடுத்து வளர்த்தார்கள். இதனால் விதையில்லாத ரகமும் தாயாக முடிந்தது. இன்று வெளிநாட்டில் வருகிற புது விதையில்லா ரகங்களில் பல இந்த வழியில் பிறந்தவை.

இதையெல்லாம் நண்பருக்குச் சொல்வதற்காகப் படிக்கும்போதுதான், தாய்க்குப் பன்னீரையே வைத்தால் என்ன, இதற்கு முன் யாராவது வைத்திருக்கிறார்களா என்று தேடினேன். வைத்திருக்கிறார்கள். இத்தாலியில் பிரோவானோ என்பவர் 1911-ல் பிகான் என்ற ரகத்தோடு பன்னீரைச் சேர்த்து 'இத்தாலியா' என்ற பெயர்பெற்ற பழத்தை உண்டாக்கினார். விதையுள்ளதுதான், ஆனால் வாசனை பன்னீர் வழி. அதைப் படித்துக்கொண்டே போனபோதுதான் பன்னீரின் பிறப்புச் சான்றிதழ் கையில் கிடைத்தது. என் தப்பும் அங்கேதான் தெரிந்தது.

பன்னீரின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இது இயற்கையாக எங்கோ காட்டில் கிடைத்தது அல்ல. இங்கிலாந்தில் பெட்ஃபோர்டுஷயரில் ரெஸ்ட் பார்க் என்ற மாளிகை. டி கிரே பிரபுவின் வீடு. அங்கே தலைமைத் தோட்டக்காரர் ஸீவார்ட் ஸ்நோ. 1850 வாக்கில் அவர் கண்ணாடி வீட்டில் வளர்த்து எடுத்த ரகம் இது. கறுப்பு ஹாம்பர்க்கையும், அலெக்சாண்டிரியா மஸ்கட்டையும் சேர்த்துப் பிறந்தது. ஹாம்ப்டன் கோர்ட்டில் 1768-ல் நட்ட கொடி என்றேனே, அந்தக் கறுப்பு ஹாம்பர்க் குலம்தான் பன்னீரின் ஒரு பக்கம். இந்தப் பெற்றோர் விவரம் சரிதான் என்று 2003-ல் கிரெஸ்பன் என்ற இத்தாலிய ஆய்வாளர் மரபணுவைச் சோதித்து உறுதிசெய்துவிட்டார்.

பிறந்தது 1850 வாக்கில். கம்பத்துக்கு வந்தது 1832-ல். எப்படி இருக்கிறது கதை?

பணியில் இருந்தபோது ஒருமுறை இப்படி ஒரு கோப்பு வந்தது. மகனுக்கும் தகப்பனாருக்கும் பிறந்த தேதியில் 11 வருஷம்தான் வித்தியாசம். கேட்டால், "அப்படித்தாங்க எழுதியிருக்கு" என்றார்கள். அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்பியவன், பன்னீர் விஷயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

குழப்பம் எங்கே வந்தது என்று யோசித்தால் விடை புலப்படுகிறது. தோட்டக்கலைப் பாடப் புத்தகங்களில் வழக்கமாக வரும் வாக்கியம், "1832 வாக்கில் கிறிஸ்தவ மிஷனரிகள் தென்னிந்தியாவில், சேலம், மதுரைப் பகுதியில் திராட்சையைக் கொண்டுவந்தார்கள்" என்பது. அதில் திராட்சை என்றுதான் இருக்கிறது. பன்னீர் என்று இல்லை. திராட்சை வந்தது வேறு, பன்னீர் வந்தது வேறு. வாயிலிருந்து வாய்க்குப் போனபோது இரண்டும் ஒரே பந்தலில் படர்ந்துவிட்டன.

பாதிரியார்கள் திராட்சையைக் கொண்டுவந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. பூசைக்குத் திராட்சை இரசம் வேண்டும். வேறு பழச் சாறு செல்லாது. கப்பலில் வருகிற பீப்பாயை எத்தனை நாளைக்கு நம்புவது? ஒரு குச்சி நட்டால் கவலை தீர்ந்தது. 1776 முதல் பாண்டிச்சேரியை மையமாக வைத்து இந்தத் தமிழ் மண்ணில் வேலை செய்தவர்கள் பாரிஸ் வேத போதக சபைக்காரர்கள். கலைக்கப்பட்டிருந்த இயேசு சபை மீண்டு, பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரை மிஷனுக்கு வந்தது 1838-ல். ஆக, பிரெஞ்சுப் பாதிரியார் கையில் முதலில் வந்தது வேறு ஏதோ திராட்சை. ஸ்நோ உண்டாக்கிய மஸ்கட் அதற்குப் பிறகு, 1850-க்கு அப்புறம் வந்துசேர்ந்தது. தேதிகள் ஒத்துப்போக வேறு வழியில்லை. இதனால் கம்பத்தின் பெருமை குறையப்போவதில்லை. புவிசார் குறியீடு தேதிக்குக் கொடுப்பது இல்லை. இந்த மண்ணும் இந்த மனிதர்களும் அந்தப் பழத்துக்குக் கொடுத்த குணத்துக்குக் கொடுப்பது. என் பழைய பதிவில் அந்த வரியைத் திருத்திவிட்டேன்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். பாதி கேட்டார். "அண்ணே, அது இங்கிலாந்துக்காரன் பண்ணது, மகாராஷ்டிராக்காரன் பண்ணது. நம்ம பக்கம் யாரு பண்ணிருக்கா?" என்றார்.

நான் மலையைக் காட்டினேன். நம் ஏலமலையில்தான் செய்திருக்கிறார்கள். கட்டப்பனையில் செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி, தன் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த ஏலச் செடிகளைக் கவனித்து வைத்துக்கொண்டார். தேன்கூட்டுப் பெட்டிகளை வைத்து, தேனீக்களை மகரந்தம் சேர்க்க விட்டார். அந்த விதையில் வந்த நாற்றுகளிலிருந்து ஒன்றைப் பொறுக்கி எடுத்து, அதன் பக்கக்கன்றுகளையே பெருக்கினார். அதுதான் ஞள்ளானி; அவர் வீட்டுப் பெயர். நம்மவர் வாயில் நல்லானி ஆகிவிட்டது. பழைய ரகங்களைப்போலப் பல மடங்கு விளைச்சல். இடுக்கி மலையில் ஏலம் என்றால் இன்று பெரும்பாலும் அதுதான். போடி ஏல மையத்தில் நாள்தோறும் கைமாறுகிற காய், இங்கே வீடுவீடாகப் பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிக்கிற காய், எல்லாம் அந்த ஒரு விவசாயியின் கண்ணிலிருந்து வந்தது. தேசிய புத்தாக்க நிறுவனம் அவரைக் கௌரவித்தது.

இதில் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. ஞள்ளானி பரவியது கன்றினால், பிறந்தது விதையினால். பன்னீர் பரவியது குச்சியினால்; பிறந்தது ஸ்நோ போட்ட ஒரு விதையினால். ஆர்க்கா நீலமணியும் அப்படியே. விதையே இல்லாத ஒரு ரகத்தைக் கலந்து உண்டாக்கக்கூட, முதலில் ஒரு நல்ல விதை கிடைக்க வேண்டும். பெருக்குவதற்கு விதை வேண்டாம், புதிதாகப் பிறப்பதற்கு வேண்டும். பிரெஞ்சில் நாற்றுப்பண்ணைக்கு 'பெப்பினியேர்' என்று பெயர். அந்தப் பெயர் 'பெப்பேன்' என்ற சொல்லிலிருந்து வந்தது. சிக்கல் என்று சொன்னவர்களே அதை நாற்றங்கால் என்றும் சொன்னார்கள். பள்ளியில் இரண்டு சொல்லையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தேன். சம்பந்தம் தெரிய 60 வருஷம் ஆகியிருக்கிறது.

ஊரில் எல்லாப் பன்னீர்ப் பந்தலையும் பிரித்துவிட்டால், நாளைக்குப் பன்னீர் வாசனையோடு விதையில்லாத ஒன்றை உண்டாக்க நினைக்கிறவன் தாய்க்கு எங்கே போவான்? ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கொடி இருக்கும். ஆனால் ஆர்வேயும் காளேயும் கண்ட மாதிரி ஒரு கிளை மாறுவதைக் காண, நிறையக் கொடியும் தினமும் பார்க்கிற நிறையக் கண்ணும் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது வெளிநாட்டில் வருகிற புது ரகங்களுக்கு உரிமையாளர் உண்டு. பணம் கட்டாமல் ஒரு குச்சி வெட்டக் கூடாது. ஜப்பான்காரர்கள் பல வருஷம் உழைத்து ஷைன் மஸ்கட் என்ற ரகத்தை 2006-ல் தங்கள் நாட்டில் பதிவு செய்தார்கள். வெளிநாடுகளில் பதிவு செய்யத் தவறிவிட்டார்கள். குச்சி கொரியாவுக்கும் சீனாவுக்கும் போய் அங்கே மலைமலையாக விளைகிறது. உண்டாக்கியவர்களுக்கு ஒரு காசு இல்லை. அவர்கள் வருத்தமும் நியாயம். ஆனால் அப்பா காலத்தில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து குச்சி வாங்கி நட்டு வாழ்ந்த ஊர் நம் ஊர். விவசாயி தன் விதையைச் சேமிக்கவும் பகிரவும் நம் நாட்டின் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. இரண்டு நியாயத்துக்கும் நடுவில்தான் இனி நம் பிள்ளைகள் விவசாயம் செய்ய வேண்டியிருக்கும்.

நண்பர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். என் பேச்சைக் கேட்டு மனம் மாறினார் என்று எழுத ஆசைதான், நடந்தது அதுவல்ல. ஒரு ஏக்கர் பந்தலைப் பிரித்துவிட்டார். கல்தூணை இறக்கும்போது நானும் இருந்தேன். அவர் கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டார், பார்க்கவில்லை. அந்த நிலத்தில் மகன் விதையில்லாதது போட்டிருக்கிறான், நன்றாக வரட்டும். கிணற்றை ஒட்டிய 50 சென்ட் பன்னீரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். "அதுக்குக் கணக்குப் பாக்கலண்ணே" என்றார்.

கிளம்பும்போது நான்கு குச்சி வெட்டிக் கொடுத்தார். போடியில் தொட்டியில் வைத்தேன்; இரண்டு துளிர்த்திருக்கின்றன. அதோடு நிற்கவில்லை. அன்று தின்ற பழத்தின் கொட்டை 20-ஐக் கழுவி, ஈரத்துணியில் சுற்றி, ஒரு டப்பாவில் போட்டு மூன்று மாதம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன். கறிவேப்பிலை டப்பா என்று நினைத்து இரண்டு தடவை திறந்த என் வீட்டுக்காரி என்னைச் சும்மா விடவில்லை. பிறகு மண்ணில் போட்டதில் மூன்று முளைத்திருக்கின்றன. குச்சியில் வந்தது பன்னீரேதான். விதையில் வந்த மூன்றும் பன்னீராக இருக்காது, அதன் பிள்ளைகள். புளிக்கலாம், காய்க்காமலும் போகலாம். முதல் காய்க்கு இன்னும் மூன்று வருஷம் ஆகும் என்று புத்தகம் சொல்கிறது. எனக்கு இப்போது 75.

தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுவது இப்போது அவள்தான். வம்சம் ஏது என்று கேட்டவள் அவள்தானே. காய்த்தால் எழுதுகிறேன்.